மாரிக்கு இடம் விடாத கதவு: பழைய முதிரைப் பலகையில் ஒரு முதல் முயற்சி

## பின்னணி

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு வீட்டின் குசினிப் பின்கதவைப் பற்றிய குறிப்பு இது. கதவைச் செய்தவர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர். அதற்கு முன் அவர் செய்த மரவேலை என்றால் புத்தகத் தட்டும் கோழிக்கூடும்தான். நான் பக்கத்து வளவுக்காரன். மரவேலை ஆயுதங்கள் கொஞ்சம் என்னிடம் இருந்தன. வேலை நடந்த நாட்களில் அளவுகளைக் கொப்பியில் குறித்தும் வைத்தேன். வீட்டுக்காரரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

பின்கதவு கிணற்றடியைப் பார்த்தது, வடகிழக்கு முகம். யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் வாடைக் காற்றோடுதான் வருகிறது. அந்த மழை நேரே முகத்தில் அடிக்கும் கதவு அது. முன்பு இருந்த பிளைவூட் கதவின் அடிப்பக்கம் ஊறி, ஏடு ஏடாகக் கழன்று, கடைசியில் ரின் தகடு அடித்து ஒப்பேற்றப்பட்டிருந்தது.

மரம் கிடைத்தது வடமராட்சியில். அவருடைய தாய்வழி நாற்சார் வீட்டில் 1990களின் இடப்பெயர்வுகளுக்குப் பிறகு யாரும் நிலையாக இருக்கவில்லை. ஓடு சரிந்து, ஒரு பக்கச் சுவரும் விழுந்த பிறகு, வெளிநாட்டில் இருக்கும் உரித்தாளர்கள் அதைப் பிரித்துவிடச் சொன்னார்கள். பிரித்த மரத்தைப் போறணை விறகுக்கென்று விலையும் பேசியாயிற்று. வன்னிக் காட்டில் வெட்டி, ஆள் கையால் அரிந்து, இரண்டு மூன்று தலைமுறைக்கு நிழல் கொடுத்த முதிரை மரம் பாண் சுடப் போகிறது என்று கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்கும் பொறுக்கவில்லை. லொறி பிடித்து ஏற்றிவந்தார்.

## மரத்தைப் பார்த்தபோது

வந்த குவியலில் பனங் கைமரங்கள், இரண்டு வேப்பந் தீராந்தி, மச்சுக்குப் போட்டிருந்த முதிரைப் பலகைகள், ஐந்தரை அடி உயர இரட்டைக் கதவு ஒன்று ஆகியவை இருந்தன. அந்தக் காலத்து வாசல்கள் குனிந்து நுழையும் உயரம். இந்த வீட்டு நிலையோ ஆறரை அடி. அதனால் இரட்டைக் கதவை அப்படியே மாட்ட வழியில்லை என்று கழற்றி, சட்டம் வேறு பலகை வேறாக அடுக்கிவிட்டார். இந்தக் கதவு பின்னால் திரும்ப வரும்.

பனை தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டது. வெளிவட்டம் கறுத்து இரும்பாக இருந்தாலும் உள்ளே சோறுதான். நீளத்துக்குப் பாரம் தாங்குமே தவிர அகலப் பலகை தராது. மச்சுப் பலகைதான் கதவுக்கு ஏற்றது: ஒரு அங்குலக் கனம், எட்டு ஒன்பது அங்குல அகலம், மேலே பச்சைப் பெயின்ற். கத்தி முனையால் குத்திப் பார்த்ததில் ஓரத்து வெள்ளையைக் கறையான் தின்றிருந்தது. வைரம் பாய்ந்த பகுதியில் கத்தி இறங்கவே இல்லை.

ஆணி தேடிய முறையைச் சொல்ல வேண்டும். போர் நடந்த ஊர்களின் மரம் என்றால் அரிவு ஆலைக்காரர் வாளை வைக்க யோசிப்பார்கள். ஷெல் துண்டு ஒன்று உள்ளே இருந்தால் வாளும் போகும், ஆளுக்கும் ஆபத்து. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் தொங்கவிட்டு ஒவ்வொரு பலகையின் மேலும் மெல்ல நகர்த்தினோம். பெயின்றுக்குக் கீழே தலை முறிந்த ஆணி இருந்த இடங்களில் காந்தம் சற்று இழுபட்டுச் சாய்ந்தது. அந்த இடங்களில் சோக்கால் வட்டம் போட்டு, சுற்றிலும் உளியால் கொத்தி, குறட்டால் பிடுங்கினோம். ஷெல் துண்டு எதுவும் அகப்படவில்லை. ஆணிகள் நிறையவே இருந்தன.

பெயின்றைக் காய்ந்தபடி தேய்க்க வேண்டாம் என்று தீர்மானித்தோம். இலங்கையில் பெயின்றிலுள்ள ஈயத்துக்கு உச்சவரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். இந்தப் பச்சை அதற்குப் பல பத்தாண்டுகள் மூத்தது. தண்ணீர் தெளித்து நனைத்து, சுரண்டி, சுரண்டியதைச் சாக்கில் கட்டி, கிணற்றுக்கும் கோழிகளுக்கும் தூரமாக அகற்றினோம். வீட்டில் சின்னப்பிள்ளை இருந்ததால் இதில் வீட்டுக்காரி காட்டிய கண்டிப்பு சரியானது.

ஆனால் முதிரைத் தூள் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. சீவத் தொடங்கிய மறுநாளே அவருடைய முழங்கை வரை சிவந்து தடித்துக் கடித்தது. முதிரை சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. வியர்த்த உடம்பில் தூள் ஒட்டினால் இன்னும் மோசம். முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் போட்டு, வேலை முடிந்ததும் முழுகிய பிறகு அது தணிந்தது.

## முதற் கதவு

பலகைகள் வைகாசியிலிருந்து ரின் கூரைக் கொட்டிலுக்குள் கிடந்தன. பகலில் அந்தக் கொட்டிலுக்குள் நிற்க முடியாத வெக்கை, வெளியே தென்மேற்குச் சோழகக் காற்று. கதவு செய்தது ஆவணியில்.

அவருடைய முடிவுகளும் காரணங்களும் இவை. நான்கு பலகைகளின் விளிம்பையும் நேராகச் சீவி, மரப்பசை பூசி, கிளாம்பால் இறுக்கி ஒரே பலகையாக ஒட்டினார். கிணற்றடிப் பக்கம் பாம்பும் பூரானும் வரும், நீக்கல் இருக்கவே கூடாது என்பது வீட்டாரின் கட்டளை. ஒட்டிய பலகையின் உட்பக்கம் மூன்று குறுக்குச் சட்டங்களை அகலம் முழுவதும் திருகாணி போட்டு இறுக்கினார். அவற்றுக்கிடையே சாய்வுச் சட்டம் இரண்டு. நிலையின் உள் அகலம் 33 அங்குலம். கதவை அதைவிட ஒரு நூல் (அங்குலத்தில் எட்டிலொரு பங்கு) மட்டும் குறைத்து எடுத்தார். வெளிப்பக்கத்துக்கு அண்டர்கோட்டும் இரண்டு பூச்சு எனாமலும். உட்பக்கத்தைப் பிறகு வார்னிஷ் அடிக்கலாம் என்று விட்டார். பழைய பிணைச்சல்கள் (கீல்கள்) இரண்டையே திரும்பவும் பூட்டினார்.

இவற்றின் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்: நூறு வருசத்து மரம், இனி இது சுருங்கவும் மாட்டாது, ஊதவும் மாட்டாது. பச்சை மரத்துக்குத்தான் அந்தப் பயம் என்று.

கதவு பார்க்க அழகாக இருந்தது என்பதையும் பதிய வேண்டும். உட்பக்கம் சீவிய முதிரை மஞ்சளாக, பட்டுப்போல் மினுங்கியது. ஒட்டிய கோடு கண்ணுக்கே தெரியவில்லை. முதல்முறை சீவுளி பிடித்தவரின் வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

## ஆவணி முதல் கார்த்திகை வரை

முதல் அறிகுறி மழைக்கு முன்பே வந்தது. புரட்டாசியில் தாழ்ப்பாள் துவாரத்துக்கு நேரே வராமல் கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. கதவைத் தூக்கித் தூக்கித்தான் பூட்ட வேண்டியிருந்தது. மேல் பிணைச்சலின் ஆணிகள் நிலையிலிருந்து இழுபட்டு வந்திருந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆறரை அடி உயரம், 33 அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம்; முதிரை ஒரு கன மீற்றருக்கு 900 கிலோவுக்கு மேல் நிறுக்கும். பலகை மட்டும் 40 கிலோவை நெருங்குகிறது, சட்டங்களோடு 50. பிளைவூட் கதவைத் தாங்கிய மூன்று அங்குலப் பிணைச்சல் இரண்டும் ஒரு அங்குல ஆணிகளும் இதைத் தாங்குமா? அதோடு நிலையின் அந்த இடத்தில் வேம்பு உளுத்தும் இருந்தது. அப்போதைக்கு நீள ஆணி போட்டு இறுக்கினார்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு கதவு தோளால் தள்ளினால்தான் மூடியது. கார்த்திகையில் மூடவே இல்லை. அன்று எடுத்த அளவு: அகலம் ஆவணியில் இருந்ததைவிடக் கால் அங்குலம் கூட. நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தபோது கதவின் நடு வெளிப்பக்கமாக அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறையப் புடைத்திருந்தது. நிலையின் பக்கமரத்தில் பெயின்ற் உரிந்து, உரசிய தடம் மேலிருந்து கீழ் வரை கிடந்தது.

மின் சீவுளி ஒன்றை இரவல் வாங்கி, முட்டும் பக்கத்தைச் சீவிவிடுவது என்று அவர் புறப்பட்டார். திறந்த கதவோடு இரவில் படுக்க முடியாதுதானே.

## ஓடாவியார் பார்த்தது

சீவுவதற்கு முன் யாரையாவது காட்டுவோம் என்று அயலூரிலிருந்து ஒரு ஓடாவியாரை (தச்சரை)க் கூட்டிவந்தோம். எழுபது வயதைத் தாண்டியவர், வேலையை விட்டுவிட்டவர். கதவைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, இது எந்த மாசம் அடிச்ச கதவு?”

“ஆவணி, ஐயா.”

“அப்ப மாரிக்கு இடம் விட்டனீங்களோ?”

“பழைய மரம்தானே ஐயா, நல்லாக் காய்ஞ்சது.”

“காய்ஞ்சது எண்டபடியால்தான் கேக்கிறன். காய்ஞ்சது குடிக்கும்.”

பிறகு அவர் குவியலுக்குள் போய், கழற்றி அடுக்கியிருந்த இரட்டைக் கதவின் பலகை ஒன்றை எடுத்துவந்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விளிம்பைக் காட்டினார். பலகை முழுக்கப் பச்சைப் பெயின்ற். நீள விளிம்பை ஒட்டி, சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) மறைந்திருந்த பகுதி பூச்சில்லாத வெறும் மரம். அந்த இரண்டுக்கும் நடுவே, ஒரு நூல் அகலத்துக்கு, பச்சை மங்கித் தேய்ந்த ஒரு பட்டை. மாரியில் அந்தப் பகுதி காடிக்குள் போயிருக்கிறது, கோடையில் வெளியே வந்திருக்கிறது. ஒவ்வொரு வருசமும் போய் வந்து உரசியதில் பெயின்ற் தேய்ந்திருக்கிறது. அந்தப் பலகையில் பசையும் இல்லை, ஆணியும் இல்லை. அதைச் செய்த தச்சர் காடிக்குள் இடம் விட்டுச் சும்மா செருகியிருந்தார். அது அங்கேயே அசைந்துகொண்டு, வெடிக்காமல், அத்தனை காலமும் நின்றது.

இந்தப் பட்டையைக் கையால் தடவிப் பார்த்தபோதுதான் எனக்கும் விசயம் முழுதாகப் புரிந்தது. பச்சை மரம் முதல்முறை உலரும்போது சுருங்குவது ஒன்று. அது ஒரு தடவையோடு முடிந்துவிடும். காற்றின் ஈரத்தைக் குடிப்பதும் விடுவதும் வேறு. எத்தனை வயது மரமானாலும் அது ஓயாது. ஊதுவது அகலத்துக்குத்தான், நீளத்தில் மாற்றம் ஏறக்குறைய இல்லை. ஆகவே கதவின் நான்கு பலகைகளும் ஒரே 33 அங்குலப் பலகையாக அகலத்துக்கு ஊதின. அவற்றைக் குறுக்கே பிடித்திருந்த சட்டங்களோ தங்கள் நீளவாட்டில் கிடந்ததால் நீளவில்லை. உட்பக்கம் கட்டுண்டு கிடக்க வெளிப்பக்கம் விரிந்ததில் கதவு வயிறு தள்ளியது. பூச்சு அடிக்காத உட்பக்கமும், அடியிலிருந்த வெட்டு முகமும் குசினி ஆவியையும் கிணற்றடி ஈரத்தையும் தடையில்லாமல் குடித்திருந்தன.

## எடுத்த முடிவு

ஓடாவியார் சீவ விடவில்லை. ஊதி நிற்கும்போது கால் அங்குலம் சீவினால் பங்குனியில் அந்தக் கால் அங்குலமும் இடைவெளியாகத் திறக்கும். அடுத்த மாரியில் புடைப்பு அப்படியேதான் இருக்கும் என்றார். கதவைக் கழற்றி விறாந்தையில் நிழலில் நிறுத்திவிட்டு, பழைய பிளைவூட் கதவையே தற்காலிகமாக மாட்டினோம். தை முழுக்க அது காய்ந்தது. மாசியில் ஒட்டிய கோடு ஒன்றுக்குப் பக்கத்தில் பலகை வெடித்தது: அகலத்தில் நெருக்குண்ட மரம் திரும்பச் சுருங்கும்போது சட்டம் விடவில்லை.

இரண்டு வழிகள் பேசப்பட்டன. ஒன்று, பழைய இரட்டைக் கதவைப்போலக் கழுந்தும் துளையும் எடுத்து, ஒரு சட்டத்தின் முனை மற்றதன் துளைக்குள் இறங்கும்படி சட்டமடித்து, காடிக்குள் பலகையைச் செருகுவது. நல்ல முறை அதுதான். ஆனால் நான்கு மூலையிலும் கழுந்து சரியாக உட்கார வேண்டும். முதிரையில் துளை கொத்துவது பழகிய கைக்கே கடினம். மற்றது, ஒட்டியதைப் பிரித்து, பலகைகளைத் தனித்தனியே அசைய விட்டுக் குறுக்குச் சட்டத்தில் பூட்டுவது. வீட்டுக்காரர் தன் கைக்கு எட்டியதைத் தேர்ந்தார். நானும் அதையே விரும்பினேன். ஓடாவியாரிடம் கூலிக்குக் கொடுத்திருந்தால் கதவு வந்திருக்கும், செய்யத் தெரிந்த ஆள் ஒருவர் கூடியிருக்கமாட்டார்.

## மீண்டும் செய்தது

பங்குனியில், நல்ல காய்ச்சலில், ஒட்டிய கோடுகள் வழியே வாளால் பிரித்தார். ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் அரைக் கனத்துக்குப் படி எடுத்து, ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் ஏறிப் படியும்படி செய்தார். படிக்கு முக்கால் விரலளவு அகலம் போனதால் ஐந்தாவதாக ஒடுக்கமான பலகை ஒன்று தேவைப்பட்டது. பலகைக்குப் பலகை தீக்குச்சிக் கனம் இடைவெளி. படி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதால் வெளிச்சமும் தெரியாது, பூரானும் நுழையாது.

திருகாணி போடும் விதம் மாறியது. முன்பு பலகையின் இரு ஓரத்திலும் இறுக்கியிருந்தார். இப்போது ஒவ்வொரு பலகைக்கும் அதன் நடுக்கோட்டை ஒட்டி, ஒன்றரை அங்குல இடைவெளியில் இரண்டு மட்டும். நடு பிடித்திருக்க, இரு பக்கமும் தாராளமாக விரியலாம். கதவு முழுவதாக 33 அங்குலமும் ஊதாமல், ஐந்து பலகைகளும் தத்தம் இடத்திலேயே ஊதிப் பக்கத்து இடைவெளியைத் தின்னும். ஓரத்துப் பலகைகளின் வெளிப்பாதி மட்டும்தான் நிலைப் பக்கம் நகரும். முதிரையில் நேரே திருகினால் ஆணித்தலை முறிகிறது. முதலில் துளைத்து, ஆணியில் சவர்க்காரம் தடவித்தான் இறக்க வேண்டும்.

சாய்வுச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் வெளிப்பட்டது. முதற் கதவில் அவை மேல் பிணைச்சல் பக்கத்திலிருந்து கீழே தாழ்ப்பாள் பக்கம் சரிந்திருந்தன. அது தவறான திசை. ஆனால் ஒட்டிய பலகை விறைப்பாக நின்றதால் அந்தத் தவறு வெளியே தெரியவில்லை. பலகைகளைப் பிரித்து விட்டதும் கதவு கோணாமல் பிடிப்பது சாய்வுச் சட்டம் ஒன்றுதான். அது கீழ்ப் பிணைச்சல் பக்கத்தில் கால் ஊன்றி, தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலையைத் தாங்க வேண்டும். திசையை மாற்றி, குறுக்குச் சட்டத்தில் வெட்டு எடுத்து அதற்குள் உட்கார வைத்தார்.

நிலையையும் இம்முறைதான் முழுதாக அளந்தோம். மூலைக்கு மூலை அளந்தபோது இரண்டு அளவுக்கும் அரை அங்குல வித்தியாசம்; நிலை கோணியிருந்தது. உளுத்த இடத்தை வெட்டியெடுத்துத் தீராந்தி வேம்பில் துண்டு செருகி, நாலங்குலப் பிணைச்சல் மூன்றை இரண்டங்குலத் திருகாணியால் பூட்டினார். கதவின் அகலம் நிலையைவிட அரை அங்குலம் குறைவு. பூச்சு இரு பக்கமும் ஒரே அளவு. அடி வெட்டு முகத்துக்கு மூன்று தடவை.

## அடுத்த மாரியில்

கார்த்திகை அடைமழையில் கதவு ஒரு கையால் மூடியது. தாழ்ப்பாள் பக்க இடைவெளி ஒரு நூல் குறைந்து, மாசியில் திரும்ப வந்தது. நேர்ச்சட்டம் வைத்தால் புடைப்பு இல்லை. பலகைகளுக்கு இடையிலிருந்த தீக்குச்சிக் கனம் மார்கழியில் ஏறக்குறைய மூடிக்கொண்டது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. வாடை பலமாக அடித்த இரவுகளில் அடியால் தண்ணீர் வந்தது. வெளிப்பக்கம் கீழே சாய்வாகச் சீவிய சட்டம் ஒன்றை அடித்து, அதன் அடியில் காடி எடுத்த பிறகு தண்ணீர் அங்கேயே சொட்டி விழுகிறது. கோடையில் பலகைகள் ஒதுங்கும்போது படிகளில் பூச்சுப் படாத மரம் மஞ்சள் கோடுகளாக வெளியே தெரிகிறது. ஒரு பலகை குவிந்து வளைந்தபடிதான் நிற்கிறது. வெடித்த பலகையில் வெடிப்பு கொஞ்சம் நீண்டுமிருக்கிறது. அதற்குக் குறுக்கே உட்பக்கம் ஒரு துண்டு போட்டிருக்கிறார்.

## இனிச் செய்வதானால்

பழைய கதவையோ ஜன்னலையோ கழற்றுவதற்கு முன் அது எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்து வைக்க வேண்டும். இந்தக் கதவுக்குத் தேவையான முழுப் பாடமும் அந்த ஐந்தரை அடி இரட்டைக் கதவில் எழுதிக் கிடந்தது. அது கழன்று குவியலுக்குள் போனதால்தான் இவ்வளவு சுற்று.

எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதை வைத்து இடைவெளி விட வேண்டும். கோடையில் செய்தால் தீக்குச்சிக் கனம்; மாரியில் செய்தால் நெருக்கியே பூட்டலாம், கோடையில் அது தானே திறக்கும். படிகளுக்குப் பூச்சைப் பலகை பூட்ட முதலே அடிக்க வேண்டும், மஞ்சள் கோடு தெரியாது. பிணைச்சலைக் கடையில் வாங்கும் முன் கதவின் நிறையைக் கணக்குப் பார்க்க வேண்டும். முதிரை, பாலை போன்ற மரங்களுக்கு இது மிக அவசியம்.

மிச்ச மரம் இப்போது ரின் கொட்டிலில் இல்லை. விறாந்தை ஓரத்தில், நடுவே சிலாகை வைத்து அடுக்கப்பட்டிருக்கிறது. அடுத்து ஒரு ஜன்னல் செய்யும் எண்ணம். ஒவ்வொரு பலகையிலும் பென்சிலால் குறுக்கே கோடு இழுத்து, அகலத்தையும் மாதத்தையும் எழுதியிருக்கிறார். ஆடியில் எடுத்த அளவு இருக்கிறது. கார்த்திகை அளவையும் எடுத்த பிறகுதான் வாள் வைப்பது என்று பேசியிருக்கிறோம்.